நான் எங்க?

படகுகள் அசையாத மாதத்தில்தான்
எனக்கு வரையத் துணிச்சல் வந்தது.
தடைக்காலம்.
கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியில்
டோக்கன் எழுதும் எனக்கு
ஒரு நாளைக்கு நாலு டோக்கன்.
மீதி நேரமெல்லாம்
உப்பனாற்றில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளும்
கம்பெனி கொடுத்த நீலப் பேனாவும்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
முதலில் ஒரு நங்கூரம்.
மீன் குழம்புக் கரண்டி மாதிரி இருந்தது.
அடுத்தும் ஒரு நங்கூரம்.
கொஞ்சம் குறைவாகக் கரண்டி மாதிரி இருந்தது.
பதினோராவது தாளில் ஒரு முழுப் படகு:
பக்கவாட்டில் தொங்கும் டயர்கள்,
கேபின் கூரையில் காயும் லுங்கி,
பின்தட்டில் குவிந்த வலை.

எனக்கே பிடித்திருந்தது.
அதுதான் வினை.
பிடிக்காததைக் கிழித்துப் போட்டுவிடலாம்.
பிடித்ததை வைத்துக்கொண்டு
மூன்று இரவு புரண்டேன்.

முதல் இரவு,
பதினொன்று நாற்பதுக்குப் போனில் ஏற்றி
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு எடுத்துவிட்டேன்.
அந்த இரண்டு நிமிடமும்
ஊரே விழித்திருந்ததாக நினைப்பு.

இரண்டாம் இரவு
புதுச்சேரியில் ஓவியம் படித்த பெரியப்பா மகன்
நினைவில் வந்து உட்கார்ந்தான்.
அவன் சிரிக்கமாட்டான்.
'முயற்சி நல்லாயிருக்கு' என்பான்.
அதற்குச் சிரித்தே தொலையலாம்.

மூன்றாம் இரவு கரண்ட் போனது.
புழுக்கத்தில் பயப்படக்கூடத் தெம்பில்லை.
கொசு அடித்த கை பட்டதா, நானே அழுத்தினேனா,
தெரியவில்லை.
சரி, நான்தான்.
போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்துவிட்டு
திரியைப் பற்றவைத்தவள் மாதிரி
ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன்.

வெடிக்கவில்லை.
காலையில் ஏழு பேர் பார்த்திருந்தார்கள்.
அதில் ஒருத்தி நான்.
சிப்காட் பக்கமிருந்து அதே வாடை வந்தது.
ஓ.டி. பஸ் அதே நிறுத்தத்தில்
அதே மாதிரி நிற்காமல் போனது.
சொன்னால் என்ன,
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எட்டாவது ஆள் நேரில் வந்தான்.
தடை முடிந்த முதல் நாள்,
கிரஷர் போட்ட இரைச்சலில்
சஞ்சீவி போனை என் முகத்துக்கு நீட்டினான்.
வரைந்த தாளின் தலையில்
கம்பெனிப் பெயர் அச்சாகியிருந்ததை
நான் யோசிக்கவே இல்லை.

"இது எங்க போட்டுதானே?"

வயிற்றுக்குள் ஒரு ஐஸ் பார் நழுவியது.
"ஆமா."
"விஞ்ச்சு கோணலா இருக்கு."
"தெரியும்."
"அத வுடு. நான் எங்க?"

அங்கேதான் இருந்தான்.
நான் வரைந்த அந்த மத்தியானம் முழுக்க
பின்தட்டில் உட்கார்ந்து
கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து
பொத்திக்கொண்டிருந்தான்.
ஊசியை விட்டு வாங்கும் அந்த விரல்கள்
எனக்கு வரவில்லை.
விரல் வராததால் கையை விட்டேன்.
கையில்லாமல் ஆளை எப்படி உட்காரவைப்பது,
ஆளையே விட்டேன்.
இப்போது அவன் போனில் பார்க்கிறேன்:
வலை தன்னைத் தானே பொத்திக்கொள்கிறது.

கோட்டுக்குப் பயந்தேன்,
பெரியப்பா மகனுக்குப் பயந்தேன்.
அந்த இடத்தில் இருந்த ஆள்
வந்து கேட்பான் என்று
ஒரு இரவுகூடப் பயந்ததில்லை.

நாற்பது பாருக்குக் கையெழுத்துப் போட்டான்.
"அம்மா பாத்துச்சு.
போட்டு நம்மளுதுதான், புள்ளையக் காணோமேன்னுது."
அவ்வளவுதான். ஐஸ் வண்டியின் பின்னாலேயே போய்விட்டான்.

மறுநாள் வரைந்தேன்.
இடது கை பரவாயில்லை.
வலது கை ஒரு சீப்பு பூவன்பழம்.
எண்ணினேன். ஆறு விரல்.
நீலப் பேனாவில் அழிக்க வழியில்லை.

பதினொன்று நாற்பது வரை காத்திருக்கவில்லை.
பட்டப்பகலில்,
கல்லாப்பெட்டி ஓரத்தில் வைத்துப் படமெடுத்து
ஏற்றினேன்.
போனைக் கவிழ்க்கவில்லை.

அவர்கள் சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.
கரைக்கு வருவது புதன்கிழமை.
ஆறாவது விரலைப் பற்றி
அன்றைக்குத் தெரியும்.